பெண்கள் கரையேறிய பிறகு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு மலர் போடலாம் என்று முடிவானபோது உறவினர்கள், "நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா" என்றார்கள். எழுதுகிறேன். கோபமில்லாமல் எழுத எனக்கு வரவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, உப்புநீர் ஏரியை ஒட்டிய ஒரு குடிசையில். நைனாவுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அவரும் அம்மாவும் கையாலேயே இறால் பிடித்தார்கள். நைனா இறந்ததும் அக்கா பள்ளியை விட்டுவிட்டு அம்மாவோடு ஏரியில் இறங்கினார். தண்ணீருக்குள் உட்கார்ந்து நகர்ந்தபடி சேற்றைத் தடவ வேண்டும். கையில் சிக்கும் இறாலைப் பல்லில் கடித்திருக்கும் பறிக்கூடைக்குள் போட வேண்டும். கடித்துக் கடித்து அவருடைய முன்பற்கள் தேய்ந்துவிட்டன. "இந்தப் பல்லைக் காட்டினா எவன் பாப்பான்?" என்று கேட்டுவிட்டு வாய் கொள்ளாமல் சிரிப்பார். திருமணமாகி, அதே ஏரிக்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தபோது அம்மாவையும் என்னையும் கூடவே அழைத்து வந்தார். மாமா அதற்கு முகம் சுளித்ததே இல்லை. நான் படித்து மீஞ்சூரில் வேலைக்குப் போவது அந்தப் பறி போட்ட சோற்றால்தான்.

எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. குடிநீர் லாரியில்தான் வர வேண்டும். ஊராட்சி டெண்டர் விடும், குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் போகும். அவருடைய லாரி அவருக்குத் தோதான நேரத்தில், காலை பத்து மணிக்கு வரும். அப்போது இறால் பிடிக்கும் பெண்கள் எல்லாரும் நடு ஏரியில் இருப்பார்கள். வீட்டில் ஆள் இருப்பவர்கள் டிரம் டிரம்மாக நிரப்பிக்கொள்வார்கள். உடம்பெல்லாம் உப்பு பூத்து வரும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு நிற்பார்கள். அக்காவும் அப்படி நின்றவர்தான்.

தலைவர் பதவி எங்கள் சனத்துப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் அக்கா நின்று வென்றார். அடுத்த தண்ணீர் டெண்டரில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தார். இறால் பிடிக்கும் பெண்கள் கரையேறிய பிறகே லாரி வர வேண்டும். குழாய் பிடித்துத் தண்ணீரைப் பங்கிட, ஏரியில் இறங்க முடியாமல் போன உள்ளூர்ப் பெண் ஒருவரை ஒப்பந்ததாரர் சம்பளத்துக்கு வைக்க வேண்டும்.

"கரையேறிய பிறகுன்னா எத்தினி மணிக்கும்மா?" என்று கேட்டார் டெண்டர் எடுக்க வந்த ஒருவர்.

"தண்ணி வத்துனா சீக்கிரம் ஏறுவோம். காத்து மாறுனா லேட்டாவும். ஏரியாண்ட மணி கேட்டுச் சொல்லட்டுமா?" என்றார் அக்கா. "கடைசியா ஏர்ற பொம்பளை டிரைவருக்கு மிஸ்டு கால் குடுப்பா. நீ வண்டிய எடுத்துக்கினு வந்தா போதும்."

அவர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். சற்றுக் கூடுதலாகக் கேட்ட இன்னொருவர் நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டார். அக்கா அவருக்கே கொடுத்தார். அஞ்சலை அத்தை குழாய் பிடித்தார். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து வீட்டோடு முடங்கிக் கிடந்தவர் அவர். அக்கா பதவியில் இருந்தவரை எங்கள் ஊரில் தண்ணீருக்குச் சண்டை நடந்து நான் பார்க்கவில்லை.

பிறகு தணிக்கையில் ஆட்சேபம் எழுந்தது. விசாரிக்க வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. "நோக்கம் நல்லதுதாம்மா. கம்மி ரேட்டை வுட்டுட்டு அதிக ரேட்டுக்கு ஏன் குடுத்தீங்கன்னு மேல கேட்டா நான் என்ன எழுதுறது? லாரி நேரத்துக்கு வந்துதான்னு பாக்க, இதுல நேரமே இல்லையே" என்றார்.

"கொடம் நெறஞ்சுதான்னு பாருங்க சார்" என்றார் அக்கா.

விதிப்படி அதிகாரி சொன்னதில் தவறில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் குறைந்த விலை என்றால் யாருக்குக் குறைவு? லாரிக்காரர் விலையில் குறைத்துக்கொண்டதை எங்கள் பெண்கள் தாகத்தில் கட்டினார்கள். அந்தக் கணக்கைப் பார்க்க ஆள் இல்லை. போதாததற்கு, அக்கா கமிஷன் வாங்கிவிட்டார் என்று ஊருக்குள்ளேயே பேசினார்கள். பேசியவர்களில் சிலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

விசாரணையில் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் பதவிக்காலம் முடிந்து வந்த புதிய டெண்டரில் இரண்டு நிபந்தனைகளும் இல்லை. லாரி மறுபடி பத்து மணிக்கு வந்தது. அஞ்சலை அத்தை மறுபடி வீட்டோடு முடங்கினார். அக்கா பறியைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏரியில் இறங்கினார். கிராம சபை ஒன்று விடாமல் எழுந்து நின்று லாரி நேரத்தைப் பற்றிக் கேட்டார். பார்க்கலாம் என்பதே பதிலாக இருந்தது.

அப்படி இறங்கிய ஒருநாள் கெளுத்தி முள் காலில் ஏறியது. அவருக்குச் சர்க்கரை இருந்தது. தினமும் நல்ல தண்ணீரில் புண்ணைக் கழுவச் சொன்னார் நர்ஸ். குடிக்க எடுத்து வைத்த தண்ணீரைக் காலில் ஊற்ற அக்காவுக்கு மனம் வரவில்லை. நாங்கள் இல்லாத நேரம் அடிபம்பின் உப்புத் தண்ணீரிலேயே கழுவியிருக்கிறார். சென்னைக்குக் கொண்டு போனபோது காலை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்தும் பயனில்லை. கடைசி நாட்களில், நான் வேலை முடிந்து ரயிலேறி வார்டுக்குப் போய் நின்றால், "இன்னிக்கு லாரி எப்ப வந்துச்சு?" என்றுதான் கேட்பார். "சாயங்காலம்தான் வந்துச்சுக்கா" என்று பொய் சொல்வேன்.

அக்காவின் உடல் வீடு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. லாரி வந்து போயிருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. டிரைவருக்குப் போன் செய்தேன். "இனிமே நாளைக்குப் பத்து மணிக்குத்தான் சார், இன்னா பண்றது" என்றார். உப்புத் தண்ணீரிலேயே குளிப்பாட்டலாம் என்றார் ஒரு பெரியவர். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்போது செய்தி தெரிந்து ஏரியிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஈரப் புடவையோடு தத்தம் வீட்டுக்குள் போனார்கள். சமையலுக்கு வைத்திருந்ததைக் குடத்தோடு தூக்கி வந்தார்கள். அண்டா பக்கத்தில் போய் நின்றுகொண்டார் அஞ்சலை அத்தை. யாரையும் முழுக் குடம் ஊற்ற விடவில்லை.

"அரைக் கொடம் போதும். மீதிய வூட்டுக்கு எடுத்துக்கினு போ. புள்ளைங்களுக்கு ராத்திரிக்குத் தண்ணி வேணும். அது இருந்தா இதத்தான் சொல்லும்" என்றார். சொல்லிவிட்டு, அண்டாவைப் பிடித்தபடியே உட்கார்ந்து கதறினார்.

அரைக் குடம் தந்த ஒவ்வொருவருக்கும், அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், தோணிரேவிலிருந்து வந்து சுமந்து சென்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இன்றைய படையலுக்கான அழைப்பிதழில் நாளைப் போட்டோம், நேரத்தைப் போடவில்லை. எத்தனை மணிக்கு என்று பலரும் போன் செய்து கேட்டீர்கள், சிலர் கோபித்தும் கொண்டீர்கள். தெரிந்தேதான் போடவில்லை. கடைசிப் பெண் கரையேறி மிஸ்டு கால் கொடுத்த பிறகுதான் விளக்கேற்றுவோம். அதுவரை எங்களோடு காத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி.