கிணற்றடியில் கற்ற அடக்கம்

அதிபரே, நேற்றுப் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் ஒரு தாயை அவமானப்படுத்தினீர்கள். "தாய்க்கே தலை சரியில்லை, பிள்ளைக்கு எங்கால அடக்கம் வரும்?" என்றீர்கள். பெற்றோரில் ஒருத்தியாக நானும் அங்கே இருந்தேன். அந்நேரம் பள்ளிக்கூடக் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. தொண்ணூறுகளில் கிளிநொச்சியில் இருந்த எங்கள் கிணறு நினைவுக்கு வந்தது.

ஷெல் விழுந்து அண்ணா செத்தபின், சட்டிமூடி விழுந்தாலும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பங்கர்க் குழிக்குள் பாய்வார். காரணமில்லாமல் அடிப்பார். நான் பள்ளியில் பிள்ளைகளைக் கடிப்பேன்.

ஒருநாள் அகப்பையை ஓங்கிய கை பாதியில் நின்றது. "எனக்குக் கோவம் வருது பிள்ளை, தள்ளி நில்லு" என்று கிணற்றடிக்கு ஓடினார். அது அடங்கும்வரை அள்ளி அள்ளி மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குக் கோவம் வந்தாலும் இங்க ஓடிவா. ஆரையும் கடியாத, கயித்தைப் பிடி."

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் சிரித்தார். "என்ன, தாயும் மோளும் கிணத்தை வத்தப்பண்ணப் போறியளோ?"

"ஓம் அக்கா. வாய் கழுவ வேணுமெண்டால் நீங்களும் வாங்கோ."

அந்த வருடம் எங்கள் மிளகாய்தான் அயலில் நன்றாகக் காய்த்தது. நான் கடிப்பதை விட்டேன். நேற்று உங்களை ஏசாமல் எழும்பிக் கிணற்றடிக்குப் போனதும் அம்மா தந்த அடக்கம்தான்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள், அதிபரே. உங்களுக்கு யார் கற்றுத்தந்தது, ஒரு தாயை அப்படிப் பேச?