அப்பாவின் பணிநிறைவு விழாவுக்கு இரண்டு தொகுப்பாளர்கள்

காலை வேளையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு குப்பை கொட்டப் போனால் லைப்சிக்கில் யாராக இருந்தாலும் நின்று பார்ப்பார்கள். கீழ்வீட்டு இங்க்ரிட் அம்மாள் நின்றார். "ஹோஹ்ட்சைட்?" என்றார். கல்யாணமா என்று கேட்கிறார். இல்லை, ஊரில் என் அப்பா இன்று ஓய்வு பெறுகிறார், விழாவை இங்கிருந்தே தொகுக்கப் போகிறேன் என்றேன். "ரென்டே!" என்று கையைத் தட்டினார். பென்ஷனைச் சொல்கிறார். இனிமேல் ஊர் சுற்றலாம், தோட்டம் போடலாம், என்ன பாக்கியம் என்று ஒரே சந்தோஷம். அந்த அம்மாவிடம் என்னத்தைச் சொல்ல? ரென்டே வந்தால் இங்கே ஆளுக்கு விடுதலை. நெய்வேலியில் வீடே போய்விடும்.

எங்களுக்கு இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸ்தான். நான் வளர்ந்ததும் அம்மா செத்துப்போனதும் அந்த வீட்டில்தான். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவின் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே அவருக்கென்று ஒரு செங்கல்கூட இல்லை. என்னோடு வந்துவிடுங்கள் என்று போனில் கெஞ்சினால், "பாக்கலாம்மா" என்று வைத்துவிடுவார். புது வேலையில் லீவு கிடைக்காத பாவி நான், சபையில் எல்லார் முன்னாலும் கேட்டால் மறுக்கமாட்டார் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன்.

என்னோடு தொகுக்கிற செல்வி பக்கத்து மந்தாரக்குப்பத்துக்காரி. பள்ளி ஆண்டுவிழாவிலிருந்தே நாங்கள் ஜோடி. அவள் தமிழில் அறிவிப்பாள், நான் ஆங்கிலத்தில் அலட்டுவேன். இப்போது அவள் எங்கள் பிளாக் மண்டபத்தில் மைக்கோடு, நான் வீடியோ காலில் மேடைத் திரையில். பங்கு பிரிக்கும்போதே சொல்லிவிட்டாள்: "நீ பாட்டுக்குப் பேசிக்கினே இருக்காத. செகண்ட் ஷிப்ட் பஸ்ஸு ஆரன் அடிச்சா ஒன் சவுண்ட கட் பண்ணிடுவேன். அப்புறம் கோச்சுக்காதடி." எங்கள் மண்டபத்து வழக்கம் அது. பேசுகிறவர் எத்தனை பெரிய ஆளானாலும் பஸ் வந்தால் நிறுத்த வேண்டும். ஷிப்டுக்காரர்களை அனுப்பிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஒருமுறை பரதம் ஆடிய பெண் அவர்கள் போகும்வரை ஒற்றைக்காலில் நின்றாள், பாவம்.

விழா நன்றாகத்தான் போனது. மாலை, பொன்னாடை என்று செல்வி ஒவ்வொருவராக அழைத்தாள். இடையிடையே நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் முன்வரிசை நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அப்பா, இத்தனை பேர் முன்னாடி ஒண்ணு கேக்குறேன்" என்று ஆரம்பித்தேன். ஆரன் அடித்தது.

"செகண்ட் ஷிப்ட் போறவங்க கெளம்பலாங்க," என்றாள் செல்வி. நாற்காலிகள் நகர்ந்தன. அப்பாவும் எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவர்களோடு வாசலுக்கு நடந்தார். யாரோ சிரித்தார்கள். "அப்பா, ஒங்களுக்கு இல்லப்பா, வந்து ஒக்காருங்க," என்ற செல்விக்குக் குரல் உடைந்துவிட்டது. நான் இங்கே லைப்சிக் சமையலறையில் நின்று கத்தினேன். என் சவுண்டைத்தான் நிறுத்தியிருக்கிறதே, யார் காதில் விழும்? எல்லாரும் ஏறிப்போன பிறகு அவர் மட்டும் வாசலில் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. ஐயோ, இந்த மனுஷனை இங்கே கொண்டுவந்து எந்த வாசலில் நிறுத்துவேன்? அங்கேயே விட்டால் எந்த வீட்டில் இருப்பார்? கேட்க வைத்திருந்த கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன்.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் சவுண்டைப் போட்டாள். "நீ கூப்புடுடி. நா கூப்ட்டா திரும்பமாட்டேங்குறாரு."

"அப்பா," என்றேன்.

சட்டென்று திரும்பினார். என் குரல் வாசலோரத்து ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது. மேடைத் திரையை அவர் பார்க்கவேயில்லை. அந்த ஸ்பீக்கரின் பக்கம் போய் நின்று, "இந்தா வந்துட்டேம்மா," என்றார்.