படி ஏற ஒரு ஜாதகம்

மாடிப்படியைப் பெருக்குவது ஹரிஹரனின் வேலை. கல்பாக்கம் ஆபீஸ் பஸ் வருவதற்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழாகப் பெருக்கிக்கொண்டு வருவார். பெருக்க ஒன்றும் இருக்காது. முந்தின நாள் யாராவது ஏறியிருந்தால்தானே மண் இருக்கும்?

“விஜி, இன்னிக்கும் ஒரு செருப்புத் தடம்கூட இல்ல. படி பளபளன்னு இருக்கு.”

“நீங்க நல்லாப் பெருக்கறீங்கன்னு அர்த்தம்,” என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

மகளை ஹாஸ்டலில் சேர்த்த பிறகு படிக்கக் கிளம்பியவள் விஜயகுமாரி. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய் வந்து, நின்றுகொண்டே பாதிப் பாடத்தைப் படித்து, மனநல ஆலோசகர் ஆனாள். 2004இல், ஆடி கழிந்ததும், மாடி அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு டிஷ்யூ பெட்டியும் வைத்துத் தொழிலைத் தொடங்கினாள். அழ ஆள் வராததால் அந்த டிஷ்யூவில் ஹரிஹரன் மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் வரைக்கும் அறை அவளுக்கு. அதற்குள் வாரா வாரம் வருகிற ஆள் ஒருவராவது சேராவிட்டால், கணக்கு ட்யூஷன் நடத்தும் லட்சுமணன் மாஸ்டருக்கு வாடகைக்கு விட்டுவிட வேண்டும். இது கணவன் மனைவி இருவரும் காபி குடித்துக்கொண்டே பேசி முடித்த ஒப்பந்தம். மாஸ்டர் அவ்வப்போது வந்து, கரும்பலகையை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துவிட்டுப் போவார்.

அவள் திறமையில் குறையில்லை. படிதான் குறை. வெளிப்பக்கமாகத் தெருவைப் பார்த்த படி, எதிரே டீக்கடை. ‘மனநல ஆலோசனை’ என்ற பலகைக்குக் கீழே ஒருவர் ஏறினால், அவர் மேல்படியைத் தொடுவதற்குள் அவருக்கு என்ன கோளாறு என்று பெஞ்சில் முடிவாகிவிடும். ஏறிய ஒரே மனிதரும் அவளைக் கண்டதும் மிரண்டு, “இங்க வீடு காலியா இருக்குதுன்னாங்களே?” என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். பலகையை இறக்கி, வெறுமனே ‘விஜயகுமாரி ஆலோசனை மையம்’ என்று எழுதி மாட்டினாள். அதற்கும் யாரும் வரவில்லை.

அப்போதுதான் வெப்சைட் யோசனை. தனியாக உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வருவார்கள் என்று கணக்குப் போட்டாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த ஏசுபாதத்திடம் போனாள். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் பேனர், வெப்சைட் எல்லாம் அவனே செய்வான். தன் படிப்பு, முதல் நாள் என்ன பேசுவோம், இங்கே சொன்னது வெளியே போகாது என்ற உறுதி, போன் நம்பர், தன் படம் ஒன்று. பின்னணி இளம்பச்சை. அவ்வளவுதான் வேண்டும் என்றாள்.

ஏசுபாதம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னா மேடம், தனியா கீறீங்க? இத்த போட்டா காணவில்லை விளம்பரம் மாதிரி இருக்கும். பார்க்கறவன் போலீஸுக்குல்ல போன் பண்ணுவான்?”

“பரவாயில்லப்பா. சொன்னபடி போடு.”

சொன்னபடி போடுவது அவனுக்குப் பழக்கமில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்து ஹரிஹரனிடம் ‘ஃபேமிலி ஃபோட்டோ’ கேட்டான். தனக்குத் தலைமுடி இருந்த காலத்துப் படம் ஒன்றே ஒன்றுதான் ஹரிஹரனிடம் இருந்தது. மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்கும் கல்யாணப் படம். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுவாரம் விஜயகுமாரியை உட்காரவைத்து ஏசுபாதம் பக்கத்தைத் திறந்தான். உடனே கெட்டிமேளம் முழங்கியது. சென்டரில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. மேலிருந்து ரோஜாப் பூக்கள் உதிர்ந்தன. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் மாலையோடு அவளும், சுருட்டை முடியோடு ஹரிஹரனும். கீழே முன்பின் தெரியாத ஆண்களும் பெண்களும் வரிசையாகச் சிரித்தார்கள்.

“இவங்கல்லாம் யாருப்பா?”

“பேனர்னா கீழ வாழ்த்தறவங்க மூஞ்சி இருக்கணும்ல? நீங்க யார் படமும் குடுக்கல. நம்ம பத்திரிகை ஸ்டாக்குலேருந்து போட்டேன்.”

அவள் எழுதிக் கொடுத்ததெல்லாம் ஒரு வார்த்தை குறையாமல் அதற்கும் கீழே, பொடி எழுத்தில் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே மார்தட்டிக்கொண்டான். “நம்ம சென்டர்ல எந்த சிஸ்டத்த ஆன் பண்ணாலும் மொதல்ல நீங்கதான் வருவீங்க மேடம். தானா வரும்.”

மாற்றச் சொன்னாள். “கொஞ்ச நாள் ஓடட்டும்” என்றான்.

ஓடியது. முதலில் படியேறியவர் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் வேன் ஓட்டும் சடையப்பன். தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம்.

“பையனுக்கு ரிசல்ட் பார்க்கப் போனேம்மா. அரியர் போட்டுகினான். மேளச் சத்தம் கேட்டுது, நிமிர்ந்து பார்த்தா உங்க கல்யாணம். சரி, பரீட்சைதான் ஊத்திகிச்சு, கண்ணாலமாவது நடக்கட்டும்னு வந்தேன்.”

“ஐயா, நான் ஜாதகம் பார்க்கறதில்ல…”

“பொறுமையா பாரும்மா. இன்னா அவசரம்?” என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “வந்த பொண்ணையெல்லாம் வேணாம்னுட்டோம். ஒண்ணு நெட்டை. ஒண்ணு குட்டை. ஒண்ணு சரியாத்தான் இருந்துச்சு, அவங்க வூட்டு நாய் மொறைச்சுது.”

“வேணாம்னு சொன்னது பையனா, நீங்களா?”

சடையப்பன் வாழைப்பழத்தைப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மனைவி போனதிலிருந்து அப்பாவும் பிள்ளையும் ஒரே அறையில் படுக்கிறார்கள். பிள்ளை விடுகிற குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை அழும். அந்தக் குறட்டை காதில் விழுந்தால்தான் இவருக்குத் தூக்கம். நடுவில் நின்றால் விழித்துக்கொண்டு, அது மறுபடி தொடங்கும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். பேசி முடித்தபோது பழத்தை அவரே உரித்துத் தின்றிருந்தார்.

“அடுத்த செவ்வா வரேன். நல்ல எடமா இருந்தா எடுத்து வை,” என்று கிளம்பினார். சொன்னபடியே வந்தார், அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். ஒன்றையும் பொருத்திக் கொடுக்காததால் அவள் ஃபீஸ் கேட்கவில்லை.

டீக்கடைக்கு இதெல்லாம் மரியாதையான விஷயமாகத் தெரிந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்களுக்குப் பெஞ்சில் இருந்தவர்களே வழிகாட்டினார்கள். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து பிரபாவதி என்ற பெண் மகளின் ஜாதகத்தோடு வந்தாள்.

“பொண்ணுக்கு என்ன வயசு?”

“அஞ்சாங்கிளாஸ் படிக்கிறா.”

விஜயகுமாரி அவளையே பார்த்தாள்.

“இப்பவே பார்த்து வெச்சா நல்லதுதானே மேடம்!” என்று பிரபாவதி வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “கீழ எழுதியிருந்ததையெல்லாம் படிச்சேன். எனக்கு அதுதான் வேணும். ஆனா தெருமுனையில எங்க ஆபீஸ் பஸ் நிக்குது. கைல ஜாதகம் இல்லாம எப்படி ஏறி வரது?”

அன்றைக்கு டிஷ்யூ பெட்டி முதன்முதலாக அதற்குரிய வேலையைச் செய்தது.

இருந்தாலும் விஜயகுமாரிக்கு உறுத்தியது. கல்யாணத் தரகு செய்வதற்கா ரயிலில் நின்றுகொண்டே படித்தாள்? மார்கழி பிறந்ததும் ஏசுபாதத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுக்கவைத்தாள். மேளம் போயிற்று, பூ போயிற்று, ஹரிஹரனின் முடி போயிற்று. இளம்பச்சையில் அவள் மட்டும் சாந்தமாகச் சிரித்தாள். பாடப்புத்தகத்தில் சொன்ன வெப்சைட் அப்படியே வந்தது.

அடுத்த நாளே படி சுத்தமானது. பிரபாவதி போன் செய்தாள். “படத்தை எடுத்துட்டீங்களே மேடம்! என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல நேத்துப் பார்த்துட்டு, ‘இது வேற எடம் போலிருக்கே’ங்கறார். இனிமே நான் என்னத்தச் சொல்லி வரது?” சாயங்காலம் சடையப்பனும் கூப்பிட்டார். “இன்னாம்மா, உன்ன காணோம்னு கம்ப்யூட்டர்ல போட்டுக்கீறாங்க? இன்னா ஆச்சு?”

ராத்திரி சாப்பாட்டில் ஹரிஹரன் அப்பளத்தை நொறுக்கினார். “அந்தப் படத்துல பொய் என்ன இருக்கு விஜி? நம்ம கல்யாணம் நடந்தது நிஜம்தானே?”

“உங்களுக்கு முடி திரும்பி வரணும், அதானே?”

“அதுவும்தான்.”

சோறு பிசைந்துகொண்டே யோசித்தாள். எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வருகிறவர்கள் கையில் எதைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவளுக்கென்ன? படமும் விளக்கும் மறுபடி ஏறின. மேளம் கூடாது என்றாள். முன்பின் தெரியாத மூஞ்சிகளும் கூடாது. எழுத்தைப் பெரிதாக்கி, ‘இங்கே வரன் பார்ப்பதில்லை’ என்று ஒரு வரியும் சேர்த்தாள். “அத்த யாரும் படிக்க மாட்டாங்க, போடுங்க,” என்றான் ஏசுபாதம். பிரபாவதி திரும்பி வந்தாள், ஆனால் எல்லா வாரமும் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். தவறாமல் வருகிறவர் சடையப்பன் ஒருவர்தான். அவரோ இன்னும் பெண் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

போகிக்கு முந்தின செவ்வாய். லட்சுமணன் மாஸ்டர் பெஞ்சுக்கு அளவெடுக்க டேப்போடு வந்து, அன்று லீவு போட்டிருந்த ஹரிஹரனுடன் கீழே பேசிக்கொண்டிருந்தார். மேலே சடையப்பன் ஜாதகத்தைப் பிரித்தார். இனி மறைக்கக் கூடாது என்று விஜயகுமாரி முடிவு செய்திருந்தாள். அவர் போய்விட்டால் அறையும் போய்விடும். போகட்டும்.

“ஐயா, நான் பொண்ணு பார்த்துக் கொடுக்கறவ இல்ல. என்கிட்ட ஒரு ஜாதகமும் கிடையாது.”

“அப்ப இத்தினி நாளா இன்னா பண்ணிகினு இருந்தோம்?”

“பேசிக்கிட்டிருந்தோம். மனசு சரியில்லாதவங்ககிட்டப் பேசறதுதான் என் தொழில்.”

“வெறும் பேச்சா?”

“வெறும் பேச்சுதான். இனிமே அதுக்கு ஃபீஸும் உண்டு.”

சடையப்பன் மின்விசிறியைப் பார்த்தார், டிஷ்யூ பெட்டியைப் பார்த்தார், ஒரு காகிதத்தை உருவி மூக்கைச் சிந்தினார். கேட்ட ஃபீஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

“செவ்வாக்கெயமை மூணு மணி என்னுதுன்னு எழுதிக்கோ. வேற யாருக்கும் குட்த்துடாத. பொண்ணு கெடைச்சா பாரு, இல்லாட்டி போவுது.”

அவள் எழுதிக்கொண்டாள். கீழே மாஸ்டரின் குரலும் டேப் உள்ளே சுருளும் சத்தமும் கேட்டன. பேனாவை மூடினாள்.

“சரி. இன்னிக்கு ஒண்ணு கேக்கறேன். பையன் ஒரே ஒரு நாள் பக்கத்து ரூம்ல படுத்தா, உங்களுக்கு என்ன ஆகும்?”

சடையப்பன் ஜாதகத்தை அதன் பழைய மடிப்புகளிலேயே மடித்தார். எழுந்து, தெருவுக்குத் தெரியும்படி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “அடுத்த செவ்வா சொல்றேன்,” என்று வெளியே போனார். பாதிப்படி ஏறியிருந்த லட்சுமணன் மாஸ்டர் அவருக்கு வழிவிட்டுப் பின்பக்கமாகவே இறங்க வேண்டியதாயிற்று.