காப்புப் போட்ட சனிக்கிழமை

லண்டன் டூட்டிங்கில் எங்களோடு தங்கிப் படித்த என் தம்பி, கல்லூரி உதைபந்தாட்ட அணியில் முன்கள ஆட்டக்காரன். வடக்கே ஒரு நகரத்துக் கழகம் ஒரு சனிக்கிழமை அவனைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்திருந்தது. அதே சனிக்கிழமை என் மகள் பிறந்து முப்பத்தோராம் நாள். அன்றைய சடங்கில் மாமன்தான் பிள்ளைக்குக் காப்புப் போடவேண்டும். லண்டனில் அவளுக்கு இருந்த ஒரே மாமன் அவன்.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை வைக்க ஏலாதோ?” என்று கேட்டான்.

“ஐயர் சனிக்கிழமைதான் எண்டவர். மாத்திவைச்சுப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா?” என்றேன்.

வரமுடியாது என்று கழகத்துக்குத் தொலைபேசியில் சொன்னான். இன்னொரு நாள் தரமாட்டார்களாம்.

சனிக்கிழமை ஐயர் வந்தார். தம்பியின் கையில் காப்பைக் கொடுத்துக்கொண்டே, “நாளைக்கும் செய்யலாம் எண்டு சொன்னனான் தம்பி. உங்கட அக்காதான் இண்டைக்கே வேணும் எண்டு நிண்டவ” என்று சிரித்தார்.

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டேன்.

“வடிவாப் பிடியுங்கோ அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பைப் போட்டான்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. தம்பி ஒரு வங்கியில் வேலை செய்கிறான். வேறு கழகம் எதுவும் அவனை அழைக்கவில்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவன் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால், உன் படிப்புக்காக என்று சொல்ல நினைத்திருந்தேன். அதுவும் பொய். கணவர் ஷிப்டுக்குப் போனபின் கைக்குழந்தையோடு தனியே இருக்க எனக்குப் பயம். அவன் நிச்சயம் தேர்வாகி வடக்கே போய்விடுவான் என்று அவனைவிட நான்தான் நம்பியிருந்தேன்.