கன்னத்தில் வைத்துப் பார்ப்பவர்

ஈரக்காரம்மா நான்கடி நீளக் கொக்கியை மக்காச்சோளத் தட்டைக் கட்டுக்குள் செருகி, நடுவிலிருந்து ஒரு தட்டையை இழுத்தெடுத்தார், கன்னத்தில் ஒற்றினார், கண்ணை மூடிக்கொண்டார். லாரி ஓட்டுநர் கீழே நின்று, “இப்படிக் கொஞ்சுறீங்களே அக்கா, பேரு வச்சாச்சா?” என்றார்.

“உன்னை மாதிரியேதான் தம்பி. வெளிய காய்ஞ்சிருக்கு, உள்ள ஊறிக் கெடக்கு. திருப்பி ஓட்டிட்டுப் போ.”

தட்டையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் வாசலில் அவருக்கு வேலை. வரும் கட்டுகளின் ஈரம் பார்த்துச் சீட்டு எழுதவேண்டும். ஓட்டுநர்கள் வைத்த பெயர் ஈரக்காரம்மா. ஆலை கொடுத்த ஈரமானியின் கம்பி ஒரு சாண் நீளந்தான். கொக்கி, அவரே பட்டறையில் சொல்லிச் செய்தது. கையால் தொட்டுப் பார்த்தால் போதாதா என்று, ஊரில் மனு எழுதிக் கொடுக்கும் நான் ஒருமுறை கேட்டேன். “கை மரத்துப்போச்சுங்க. கன்னத்துக்குத்தான் இன்னும் ரோஷம் இருக்கு.”

கொக்கி வந்தது தீவிபத்துக்குப் பிறகு. ஈரக்கட்டு, அடுக்கிவைத்த தட்டைப்போரின் நடுவே அகப்பட்டால் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறி, சில வாரங்களில் தானே பற்றிக்கொள்ளும். சென்ற ஆண்டு ஒரு நண்பகலில் அப்படித்தான் பற்றியது. போர்க்காவலராக இருந்த அவருடைய கணவர் தண்ணீர்க் குழாயோடு புகைக்குள் போனார், திரும்பவில்லை.

விசாரணை அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. பக்கம் ஆறு, பத்தி மூன்று: ‘காவலர் வீசிய பீடித்துண்டே காரணம்.’ கணவர் பீடியை விட்டு நான்கு ஆண்டுகள் ஆனதற்கு மருத்துவர் எழுதிய சீட்டு உண்டு. விசாரணையில் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை.

“அப்பா திருட்டுத்தனமா பீடி குடிச்சாராம்மா?” என்று மகள் கேட்ட மறுநாள், மேல்முறையீட்டு மனு எழுத ஈரக்காரம்மா என்னிடம் வந்தார். ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கினோம். அவற்றின்படி தீ, போரின் நடுவில் பிறந்திருக்கிறது. வீசிய பீடி அங்கே போய்ச் சேராது. அந்த நடுப்பகுதிக் கட்டுகள் மழைக்கு மறுநாள் இறங்கியவை. அவற்றுக்கான சீட்டையும் அவரே கொண்டுவந்திருந்தார். ‘ஈரம் பதினான்கு விழுக்காடு. அனுமதிக்கலாம்.’ கீழே அவருடைய கையெழுத்து.

இந்தச் சீட்டை இணைத்தால் வேலை போகும், பழியும் உங்கள்மேல் திரும்பும் என்று சொன்னேன். இணைக்காவிட்டால் மனு நிற்காது என்பதையும் மறைக்கவில்லை.

சீட்டை என் பக்கம் தள்ளினார்.

“ஒரு சாண்தான் குத்திப் பார்த்தேன்னு எழுதுங்க. அவருதான் காவல், பார்த்துக்குவாருன்னு இருந்துட்டேன். அதையும் எழுதுங்க.”

எழுதிப் படித்துக் காட்டினேன். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்திட்டார். பிறகு அந்தத் தாளை எடுத்துக் கன்னத்தில் ஒற்றி, கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்துவிட்டு, என்னிடம் நீட்டினார்.