வாத்துக் கோபுரத்தை வலம் வந்தோம்

சீனாவின் பழைய தலைநகரமான சியானுக்கு நானும் மனைவியும் போனது ஊர் பார்க்க அல்ல. மகள் அங்கே ஆறு வருஷம் மருத்துவம் படித்தாள். அதில் இரண்டு வருஷம், கொரோனா புண்ணியத்தில், செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்தே படித்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு நாங்கள் வந்தே ஆக வேண்டும் என்று போனில் சொன்னாள்.

"ரெண்டு பேரும் எதிர்ல ஒக்காந்துருக்கணும்ப்பா. நான் மேடைல இருந்து பாப்பேன். எல்லாருக்கும் யாராச்சும் வர்றாங்க." என் மனைவி மறுநாளே பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் சீனாவைப் பற்றி நிறையப் படித்தவன். ஆனால் என் படிப்பு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சீனாவோடு நின்றுவிட்டதால், விமான நிலையத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கக்கூட உதவவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மகள் எங்களை, பழைய சக்கரவர்த்தியின் சமாதிக்குக் காவலாகப் புதைத்த மண் சிப்பாய்களைக் காட்ட அழைத்துப் போனாள். ஆயிரக்கணக்கில் நின்றார்கள். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"எல்லாம் சரி, ராஜா எங்க?"

"ராஜா சமாதிய இன்னும் தொறக்கலம்மா. அதோ, தூரத்துல தெரியுதே அந்த மேடு, அதுக்குள்ளதான்."

"தொறக்கவே இல்லியா? அப்ப இவ்ளோ தூரம் வந்து வெளிப்பிரகாரத்த பாத்துட்டுப் போறோமா? எங்க ஊர்ல திரையையாவது வெலக்கிக் காட்டுவாங்க."

அவள் ஊர் சிதம்பரம். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அந்தக் கோயிலோடு ஒப்பிட்டு மதிப்பெண் குறைத்துப் போடுவாள்.

விழா மறுநாள் மூன்று மணிக்கு. மகளுக்குப் பன்னிரண்டு மணிக்கே ஒத்திகை. போகிற வழியில் எங்களைப் பெரிய காட்டு வாத்துக் கோபுரத்தில் இறக்கிவிட்டாள். இந்தியாவிலிருந்து ஒரு துறவி சுமந்துவந்த சுவடிகளை வைப்பதற்காகக் கட்டியது. அந்தத் துறவி எத்தனை வருஷம் நடந்தார் என்று நான் ஆரம்பித்ததும் மகள் குறுக்கிட்டாள்.

"அப்பா, ரெண்டு மணிக்கு இதே வாசலுக்கு வண்டி வரும். ஆப்ல போட்டுட்டேன். என் போன் ஆஃப்ல இருக்கும். தொலஞ்சு கிலஞ்சு போயிடாதீங்க."

"நாங்க என்ன கொழந்தைங்களா?" என்றேன்.

கோபுரம் ஒரு புத்தர் கோயிலுக்குள் இருக்கிறது. கோயில் என்று தெரிந்ததும் மனைவி, வாசலில் இருந்த கல் சிங்கத்தின் காலடியில் செருப்பைக் கழற்றினாள். கோயிலுக்குள் போவதே சிற்பம் பார்க்கத்தான் என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருகிற நானும் கழற்றினேன். சுற்றிலும் சீனர்கள் ஷூவோடு போய்க்கொண்டிருந்தார்கள். காவலாளி எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார்.

"டோக்கன் வாங்கச் சொல்றாரு போல" என்றேன்.

"டோக்கன்லாம் வேணாங்க, நாங்க சீக்கிரம் வந்துருவோம்" என்று மனைவி அவருக்குத் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சிதம்பரம் கோயிலுக்கு நாலு பக்கமும் கோபுர வாசல். கீழ வாசலில் செருப்பை விட்டு, பேச்சு சுவாரசியத்தில் மேல வாசலில் வெளியே வந்து, வெயிலில் வெறுங்காலோடு தெருத்தெருவாகத் தாண்டிக் குதித்து வராத மாப்பிள்ளை அந்த ஊரில் கிடையாது. அதனால் மாமனார் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டால் தேடக்கூடாது. செருப்பு விட்ட இடத்தில் போய் நிற்க வேண்டும்.

மனைவிக்கு முட்டிவலி. "நீங்க ஏறிட்டு வாங்க" என்று கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஏழு நிலையும் ஏறி, மூச்சு வாங்கி, இறங்கி வந்தபோது பெஞ்சில் வேறொரு குடும்பம் சோளம் தின்றுகொண்டிருந்தது. நான் பதறவில்லை. சட்டம் இருக்கிறதே. வாசலுக்கு வந்தேன். கல் சிங்கம் இருந்தது. செருப்பு இல்லை. மனைவியும் இல்லை.

செருப்பு இல்லையென்றால் இது அந்த வாசல் இல்லை என்று முடிவுகட்டினேன். வாசலுக்கு வாசல் சிங்கம் வைக்கிற தேசம் அது. மகள் வாங்கிக் கொடுத்த சீன சிம் போட்ட போன் மனைவியின் கைப்பையில் இருந்தது. என் போனில் மணி மட்டும் தெரிந்தது: ஒன்று பத்து. மதில் சுவரை ஒட்டி, சுவர் என் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க ஆரம்பித்தேன். கருங்கல் தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. முழுச் சுற்று வந்தேன். ஏதோ ஒரு சிங்கம், செருப்பு இல்லை. இன்னொரு சுற்று. ஒரு பெண் என் பாதங்களை மட்டும் படம் எடுத்தாள்.

மூன்றாவது சுற்றில் மணி ஒன்று ஐம்பது. மேடையிலிருந்து மகள் பார்க்கப்போகிற இரண்டு காலி நாற்காலிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. மர நிழலில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு கிழவர் எழுந்து வந்து என்னை மறித்தார். என் வெறுங்காலைக் காட்டினார். நெற்றியில் விரலால் பொட்டு வைத்துக் காட்டினார். காற்றில் ஒரு வட்டம் போட்டார், அதன் பின்னாலேயே இன்னொரு விரலை ஓட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பயிற்சியில் என்னையும் சேர்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் பொறுமையிழந்து, என் இரண்டு தோளையும் பிடித்து, அப்படியே பின்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது. நான் இறங்கிவரத் தாமதமாகவே அவளும் சட்டப்படி வாசலுக்குப் போய், செருப்பைக் காணாமல், வேறு வாசலென்று நினைத்துச் சுற்றுகிறாள். அவள் ஒருநாளும் கோயிலை இடமாகச் சுற்றமாட்டாள். நானும் சுற்றமாட்டேன், அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பேரும் முக்கால் மணி நேரமாக ஒரே திசையில் வலம் வந்துகொண்டிருக்கிறோம். திருப்பிவிடப்பட்ட பிறகும் இரண்டடி நடந்து, யாராவது பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த மூலையில் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நொண்டியபடி எதிரே வந்தாள்.

"ஏங்க, கோயில எடமா சுத்திட்டு வர்றீங்களே, அறிவிருக்கா?"

"இல்லன்னா நீ கெடச்சிருக்க மாட்ட. போன் எங்க?"

"அதா? யாரோ சீனாக்காரன் விடாம கூப்புடுறான். ஏதோ ஃப்ராடுன்னு கட் பண்ணி கட் பண்ணி கையே நோவுது."

அந்த ஃப்ராடுதான் எங்கள் டிரைவர். மகள் ஆப்பில் கொடுத்திருந்தது அந்த போன் நம்பரை. சீக்கிரமே வந்து முதல் சிங்கத்தின் பக்கத்தில் காத்திருந்திருக்கிறார். செருப்பைக் குப்பை வண்டி கொண்டுபோயிருந்தது. கடை தேட நேரமில்லை.

அரங்கத்துக்குள் நுழைந்தபோது விழா தொடங்கி, முன்வரிசைகள் நிரம்பியிருந்தன. கடைசி வரிசையில்தான் இடம். மேடையில் நூறு கறுப்பு அங்கி, நூறு கறுப்புத் தொப்பி. மகளைக் கல்லூரியில் ஒரு சீனப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஹோட்டலில் இருவரும் மனப்பாடம் செய்திருந்தோம். ஆனால் ஒலிபெருக்கியில் வந்த ஒவ்வொரு பெயரும் அதுவாகவே கேட்டது. ஒல்லியாக ஒரு பெண் மேடை ஏறினாள்.

"நம்ம பொண்ணுதானே?"

"நடைய பாத்தா அவதான். கைதட்டுங்க."

தட்டினோம். அடுத்து வந்தவளும் அதே உயரம். அவளுக்கும் தட்டினோம். பிறகு யாரையும் விடவில்லை. கடைசியாக வந்த ஒரு தாடிக்காரப் பையனுக்கும் மனைவி எழுந்து நின்று தட்டினாள்.

வெளியே மகள் ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். "எதிர்ல தேடுனேன், காணல. பயந்துட்டேன். நான் வாங்குனப்ப பாத்தீங்கதானே?"

"பாக்காம? கண்ணு நெறையப் பாத்தேன்" என்றாள் மனைவி, ஒரு நொடிகூடத் தயங்காமல்.

அவள் நிஜமாகவே பார்த்தாளா என்று இதுவரை நான் கேட்கவில்லை. பார்த்திருந்தால் என்னிடம் ஏன் காட்டவில்லை என்று சண்டை வரும். பார்க்கவில்லையென்றால், இரண்டு பேருமே பார்க்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துபோய்விடும்.