டயர் மேல் வைத்த பெட்டி

செல்லசாமி மைக்கில் என் பெயரைச் சொன்னதை ஒன்பது வருடம் நான் மறக்கவில்லை.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் திருவிழா. பாட்டு பாதியில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய பேஸ் கிட்டார் ஸ்பீக்கர்ப் பெட்டி கரகரத்து அடங்கிப்போனது. அவர் பாடகனிடமிருந்து மைக்கை வாங்கினார். "ஹட்டன் ஜீவராஜ் கைவச்ச பெட்டிங்க. போன வாரந்தான் செஞ்சு குடுத்தாரு. எல்லாரும் மன்னிச்சுக்குங்க" என்றார். லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ரேடியோகூட ரிப்பேருக்கு என் கடைக்கு வரவில்லை.

நான் செய்த வேலையில் பிழை இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் எந்த மைக்கில் போய் நான் அதைச் சொல்வது?

செல்லசாமி தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் அறையில் வேலை செய்தவர். கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள் ஓடும் அறை அது. உள்ளே நின்று பேச வேண்டுமென்றால் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். லீவு நாளில் நிரோஷனுடைய இசைக்குழுவில் பேஸ் வாசிப்பார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கழித்துப்போட்ட பெட்டியை வாங்கி வைத்திருந்தார். அம்ப்ளிஃபயரும் பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். யார் எதைச் சொன்னாலும் சிரிப்பார். ஏசினாலும் சிரிப்பார். நல்ல மனுசன் என்று ஊரே சொல்லும். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு வருடத்துக்கு முந்தி, திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அதே பெட்டியை த்ரீவீலரில் போட்டுக்கொண்டு என் கடை வாசலில் வந்து இறங்கினார்.

"தம்பி, திரும்பவும் செத்துப்போச்சு."

"என் கை வெளங்காத கைதானே அண்ணே? ஊருல வேற ஆளே கெடைக்கலியா?"

சிரித்தார். "வெள்ளிக்கெழம திருவிழா. எப்படியாச்சும் பாத்துக் குடுங்க."

திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் பெட்டியைப் பார்த்ததும் கை தானாக ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டது. பின்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. கடதாசிக் கூம்பை நாலு விரலால் மெல்ல அமுக்கினால் உள்ளே மணல் உரசுவதுபோலச் சத்தம். மூக்கைக் கொண்டுபோனால் கருகிய வாடை. உள்ளே கம்பிச் சுருள் எரிந்துவிட்டது. திரும்பச் சுற்றிச் சரிசெய்ய வழியில்லை, புது ஸ்பீக்கர்தான் போட வேண்டும்.

கொழும்பிலிருந்து ஸ்பீக்கர் பஸ்ஸில் வந்து சேர மூன்று நாள் ஆனது. அன்று காலையிலேயே செல்லசாமி வந்துவிட்டார். கடை வாசல் பெஞ்சில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் வேலை செய்தேன். பழைய ஓட்டைகளுக்கும் புது ஸ்பீக்கருக்கும் பொருந்தவில்லை, புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது.

"டீ குடிக்கிறீங்களா?" என்றேன். பதில் இல்லை. "அண்ணே, டீ?" என்று கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அதற்கும் இல்லை.

சரி, மனுசனுக்குத் திமிர் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "நீ ஒரு பொய்க்காரன்யா. என் வேலைக்குப் பழி போட்டவன். ஒனக்குப் போய் செஞ்சு குடுக்கிறேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அவர் திரும்பவில்லை. எதிரே ஒரு பஸ் பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, காது கேக்குதா?"

என் உதட்டையே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்க தம்பி. மியூசிக் செட்டுல இருந்து எடுத்துருவாங்க."

"எத்தன வருசமா?"

"ரோலருக்குப் போயி இருவத்தாறு வருசம். கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. காதுதானே போச்சு, குதிகால் இருக்குல்ல? பெட்டியக் கீழ வச்சா சத்தம் பலகை வழியா வரும். குதிகால்ல ஏறும். அதுல புடிச்சுக்குவேன். மிச்சத்துக்கு ட்ரம்ஸ்காரன் கையப் பாப்பேன்."

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

"மழ தம்பி. ஈரத்துல கெடக்கக் கூடாதுன்னு நிரோஷன் பெட்டியத் தூக்கி ஒரு லொறி டயர் மேல வச்சுட்டான். டயரு எல்லாத்தையும் குடிச்சிருச்சு. காலுக்கு ஒண்ணுமே வரல. வரலியேன்னு வால்யூமத் திருகுனேன், இன்னுங் கொஞ்சம் திருகுனேன். இந்தத் தடவ பயிற்சிக்கும் அதே கததான், அதே டயரு."

மழை பெய்கிற ஊரில் எவனும் செய்கிற வேலைதான். நனையாமல் காப்பாற்றப் போய் எரித்துவிட்டார்கள்.

"அப்ப ஏன் என் பேரச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல?" என்றார். "எனக்குக் காது கேக்கலன்னு சொல்ல முடியுமா?"

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அத்தனை வருடமும் சுமந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் போய் வேலையில் உட்கார்ந்தேன்.

வயரைப் பற்றவைப்பதற்கு முன் எந்த முனை கூட்டல், எந்த முனை கழித்தல் என்று பார்க்க, டோர்ச் பட்டரி ஒன்றை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டுக் காட்டுவது வழக்கம். கூம்பு வெளியே தள்ளினால் சரி. தொட்டேன். அவர் உள்ளங்கையைக் கூம்பின் மேல் பட்டும் படாமலும் வைத்தார்.

"பேசுது" என்றார்.

முடித்த பிறகு நானாகவே ஒரு காரியம் செய்தேன். பெட்டியின் அடியில், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி, நீளமான பலகை ஒன்றை ஸ்க்ரூவால் முடுக்கிக் கொடுத்தேன். எங்கே வைத்தாலும் அவர் அதன் மேல் நிற்கலாம், டயர் குறுக்கே வராது. ஏறி நின்று ஒரு கம்பியை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

திருவிழாவுக்கு நானும் போனேன். என் வேலையை நானே கேட்க வேண்டும் என்று ஆசை. மேடைக்குக் கீழே நின்றேன். பிசிறே இல்லை. அப்படி ஒரு சத்தம் அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம். அம்மன் தேர், காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்துக்கு வந்து மணி அடித்தால், பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் செட் நிறுத்திவிட வேண்டும். தேர் சீக்கிரமே வந்துவிட்டது. மணி அடித்தது. நிரோஷன் நிறுத்தினான், ட்ரம்ஸ் நின்றது. செல்லசாமி கண்ணை மூடியிருந்தார்.

பூசாரி சூடம் ஏற்றுகிறார், சனம் கை கூப்பி நிற்கிறது, பேஸ் மட்டும் தனியாக அடித்துக்கொண்டே போகிறது. நான் எட்டி அவர் காலைத் தட்டியிருக்க முடியும். முன்னால்தான் நின்றேன். ஆனால் நானும் என் ஸ்பீக்கரைக் கேட்டுக் கண்ணை மூடியிருந்தேன். சனம் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பழைய ஓட்டை ஸ்பீக்கராக இருந்திருந்தால் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

நிரோஷன் தோளைத் தட்டினான். செல்லசாமி கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தார். பிறகு சிரித்தார். யாரும் மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நிரோஷன் கடைக்கு வந்தான். "அண்ணே, அவருக்குக் காது கேக்காதது ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" "தெரியாது" என்றேன். "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றான். அதற்குப் பிறகு பேஸைக் கீபோர்ட்காரன் இடது கையால் வாசிக்க ஆரம்பித்தான். செல்லசாமி ஒரு நாளும் போய் ஏன் என்று கேட்கவில்லையாம். ரோலருக்கு மட்டும் போய் வந்தார்.

அவர் இறந்துபோய் இப்போது மூன்று மாதம் ஆகிறது. நெஞ்சில் தேயிலைத் தூசு என்றார்கள். கடைசி வாரத்தில் அவர் மனைவி நாகலெட்சுமி அக்கா போன் எடுத்து, "ஒங்களத்தான் கேக்குறாரு தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார்.

லயத்தில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் கட்டில் போட்ட மிச்ச இடத்தை அந்தப் பெட்டி அடைத்திருந்தது. மேலே மாத்திரையும் ஃபிளாஸ்க்கும். கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது. போர்வைக்குள் மனுசன் இருப்பதே தெரியவில்லை.

"கரண்டு குடுங்க" என்றார். கொடுத்தேன். "கிட்டார எடுங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாதுண்ணே."

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "வாசிக்கவா சொன்னேன்? மேல தடிச்ச கம்பி இருக்கும். அத இழுத்து விடுங்க."

இழுத்தேன். தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் குரல்: "நோயாளி கெடக்குற வீட்டுல இது என்னா சத்தம்?"

"அந்த நோயாளிக்குத்தாண்டி" என்றார் அக்கா இங்கிருந்தே.

செல்லசாமி போர்வையை விலக்கக் கையை அசைத்தார், முடியவில்லை. "காலத் தூக்கிப் பெட்டி மேல வைங்க" என்றார். அக்கா ஃபிளாஸ்க்கை எடுத்தார். நான் தூக்கி வைத்தேன். எலும்பும் தோலும், பனி மாதிரி குளிர்.

"இப்ப இழுங்க" என்றார். "நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."